கண்ணப்பர் சுமந்த சுமை

தென்பாண்டி நாட்டிலே, தென்காசிக்கும் திருக்குற்றாலத்திற்கும் அணித்தாக இலத்தூர் என்னும் பழம்பதி ஒன்றுளது. அவ்வூர்ச் சிவாலயத்தில் எழுந்தருளிய பெருமானுக்கு மதுநாதர் என்பது திருநாமம். மது என்பது ஈண்டுத் தேன் என்னும் பொருட்டு. ஆலயத்தினின்று மேற்கே நோக்குவார்க்குக் குற்றால மலைத்தொடர் கண்ணெதிரே நீண்டு கிடக்கும். தேனும் கிழங்கும் ஊனும் அம்மலைகளின் விளைவு. அவற்றைத் தேடிக் காடு புகுவார் எல்லாரும் தாம் பெற்றதைத் தம் உடலாற் சுமந்தே ஊருக்குக் கொணர வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியிலே, கண்ணியும் கையுமாய்ப் புள் வேட்டைக்குத் திரியும் சிங்கனைக் கற்றார் அறிவர். அவனும் அவ்வாழ்வினனே.

இவ்வாறு காட்டினின்று சுமந்து வரப்பட்ட வேட்டைப் பொருளே சிவபூசைப் பொருளாகிய வரலாறு ஒன்று நம் சமயத்தில் உண்டு. அது திருக்காளத்தியிலே நிகழ்ந்தது. கண்ணப்ப நாயனார் சரிதம் சைவர் யாவர்க்கும் மனப்பாடமாயிருப்பது. அதனை மீட்டும் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்நாயனார் எதனைச் சுமந்தார், எவ்வுறுப்பாற் சுமந்தார், அச்சுமையைத் திருமுறை ஆசிரியர்கள் எங்ஙனம் காட்டினர் என்னும் ஒரு பொருளையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். சிறிய பொருளாகத் தோன்றினும், அன்புநெறிக்கும் ஆகம விதிக்கும் உள்ள தொடர்பு பற்றி நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் வினா ஒன்றற்கு இதனுள் விடை கிடைக்கும் என்பது எம் கருத்து.

முதற்கண் காலமுறை பற்றிச் சில கூறுவாம். கண்ணப்பர் 7-ஆம் நூற்றாண்டிற்கு முற்பட்டவர் என்பதில் ஐயமில்லை. அந்நூற்றாண்டினராகிய அப்பரும் சம்பந்தரும் அவரைப் பாடியிருத்தலே அதற்குச் சான்று. அவர் பிறந்த உடுப்பூர் பொத்தப்பி நாட்டது. அந்நாடு இன்றைய ஆந்திர மாநிலத்துக் கடப்பைப் பக்கத்ததாகக் கொள்ளப்படும். தந்தையார் நாகனார், தாயார் தத்தையார், பிள்ளைத் திருநாமம் திண்ணனார். சேக்கிழார் பெருமான் இச்சரிதத்தை விரித்தோதியது 12-ஆம் நூற்றாண்டில். எனவே அப்பர் வாக்கிற்கும் சேக்கிழார் வாக்கிற்கும் இடையே ஏறக்குறைய 500 ஆண்டுகள் உள்ளன. அவ்விடைக்காலத்தில் இச்சுமை எவ்வாறு பேசப்பட்டது என்று காண்போம்.

திருஞானசம்பந்தர் திருக்காளத்தித் திருப்பதிகம் ஒன்றில், வாயையே கலசமாகக் கொண்டு வழிபட்ட வேடர் என்று நாயனாரைக் குறித்து, அவர் அம்பினாற் கண்ணை இடந்தமையையும் உடன் கூறினார். ஆகவே நீரை வாயிற் கொணர்ந்த செய்தி பிற்காலத்தார் புனைந்ததன்று. நமக்குக் கிடைத்துள்ள பழஞ்சான்றுகளிலேயே அது நிலைபெற்று விளங்குகின்றது.

திருநாவுக்கரசர் இதனினும் விரிவாகக் கூறுகின்றார். அவர் கூறிய இடம் சோழநாட்டுக் குறுக்கை வீரட்டம் என்பது நோக்கத்தக்கது. காளத்திக்குப் பன்னெடுந் தொலைவிலுள்ள தலமொன்றைப் பாடுங்கால், அப்பதிகத்தின் ஒரு திருப்பாட்டு முழுதையும் இவ்வேடர்க்கே உரியதாக்கினார். அதனுள் முதலில் வைத்தது காவல் செய்தற்குரிய வில்லும் அம்பும். அடுத்து வைத்தது கையிலுள்ள இறைச்சிச் சுமை. அதன்பின் தோலாலாகிய பெருஞ்செருப்பு. அதன்பின் வாய்க்கலசத்து நீர். இறுதியில் குருதி ஒழுகும் கண். இறைச்சியை அமுது என்னாது பாரம் என்றே அவர் வழங்கியது சிந்திக்கற்பாலது. படைக்குமிடத்து அஃது அமுதாகும். வழியிலே அது சுமையேயாகும். நாயனார் அதனைச் சுமந்து நடந்து வரும் தோற்றமே அப்பர் திருவுள்ளத்தில் நின்றது போலும்.

மாணிக்கவாசகரோ திருத்தோணோக்கத்திலே செருப்படி, வாய்க்கலசம், ஊனமுது என்னும் மூன்றனை மட்டும் எடுத்தோதினார். வில்லை அங்கு ஓதினாரல்லர். வடமொழியில் ஆதிசங்கரர் பெயரால் வழங்கும் சிவானந்தலகரியின் 63-ஆம் சுலோகமும் நடந்து தேய்ந்த செருப்பு, வாய்நீர், உண்டு சுவைத்த ஊனின் மிச்சில் என்னும் இம்மூன்றனையே கூறுகின்றது. ஆண்டும் வில் இல்லை. இதற்குக் காரணம் வெளிப்படை. விதிவழிப் பூசைக்கு ஒத்த உறுப்புக்களை எண்ணுவார்க்குத் திருமுடியைத் தூய்மை செய்தல், திருமஞ்சனம், நிவேதனம் என்னும் மூன்றுமே வேண்டப்படுவன. வில் பூசைப் பொருளன்று. ஆதலின் அது விடப்பட்டது. அப்பர் ஒருவரே அதனைத் தலைமைப் பொருளாக முதற்கண் வைத்தார். அவ்வைப்பின் உண்மையைச் சேக்கிழார் உணர்ந்து விரித்தார் என்பதைப் பின்னர்க் காட்டுவாம்.

இனி, வேட்டுவர் தம் சுமையைப் பொதுவாக எவ்வாறு கொண்டு செல்வர் என்பதனை நோக்குவோம். புறநானூற்றின் 33-ஆம் பாட்டிலே, நாயொடு திரியும் வேட்டுவன் மான்தசையை வட்டியிற் கொணர்ந்து சொரிந்து நெல்லைப் பெற்றுச் செல்லும் காட்சி உள்ளது. வட்டி என்பது ஓலையால் முடைந்த கூடை. அஃது ஊருக்குள் விற்கவரும் வேட்டுவனது கருவி. 150-ஆம் பாட்டிலோ, வன்பரணர் காட்டினிடையே தளர்ந்திருந்தபோது, வேட்டுவக் கோலத்தோடு வந்த நள்ளி தீக்கடைகோலால் நெருப்புண்டாக்கி, ஊனைச் சுட்டு அவர்க்கு அளித்த செய்தி கூறப்படுகின்றது. காடன் தீக்கடைந்ததும், திண்ணனார் பன்றியூனைக் காய்ச்சிப் பதம் செய்ததும் இப்பழைய வழக்கோடு ஒத்திருத்தலை அறிஞர் எளிதில் உணர்வர்.

பிற நாட்டிற் கிடைத்ததொரு சான்றும் ஈண்டுக் கருதத்தக்கது. 1991-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் எல்லையாகிய ஆல்ப்ஸ் மலையிலே, பனிக்கட்டியிற் புதையுண்டு கெடாதிருந்த மனிதன் ஒருவனுடைய உடல் வெளிப்பட்டது. அவன் வாழ்ந்தது இற்றைக்கு ஏறக்குறைய 5,300 ஆண்டுகளுக்கு முன் என்று கணித்தனர். அவனுடன், முற்றுப்பெறாத வில்லொன்றும், 14 அம்புகளடங்கிய தோல்தூணியும், முதுகிற் சுமக்கும் சட்டம் என்று கொள்ளப்படுகின்ற மரச்சட்டமொன்றும், மரப்பட்டையாற் செய்த இரு கலங்களும் கிடைத்தன. அக்கலங்களுள் ஒன்றிலே தழைகளிற் பொதிந்த கரி இருந்தது. தீக்கங்கினை அணையாது கொண்டு செல்லுதற்கு அது பயன்பட்டது என்பர். அவனது இரைப்பையில் காட்டாட்டின் ஊனும் மானின் ஊனும் இருந்தன. காலத்தாலும் தேயத்தாலும் எத்துணை வேறுபட்டாலும், வேட்டுவனுக்கு வேண்டுவன வில், அம்பு, தீ, ஊன், அவற்றைச் சுமக்கும் கலம் என்னும் இவையே என்பது இதனாற் பெறப்படும்.

மேற்கூறிய இருவர்க்கும் சுமையைத் தாங்கக் கருவி இருந்தது. ஒருவனுக்குக் கூடை, மற்றொருவனுக்கு முதுகுச்சட்டம். திண்ணனார்க்கோ அந்நாளில் அத்தகையதொன்றும் இல்லை. அவர் அன்று காளத்திக்குப் பூசை செய்ய வந்தவரல்லர். பன்றியைத் துரத்தி நெடுந்தொலை ஓடி வந்தவர். உடனிருந்தார் நாணனும் காடனும் என்னும் இருவரே. மலைமேல் குடுமித்தேவரைக் கண்டபின், ‘இவர் தனியே இருக்கின்றாரே, பசித்திருப்பாரே’ என்னும் கவலை ஒன்றே அவர் உள்ளத்தை நிறைத்தது. அக்கவலையோடு இழிந்து வந்து, ஊனைப் பதம் செய்து, சுவை பார்த்து, நல்லனவற்றைத் தேக்கிலையாற் செய்த கல்லையில் இட்டார். கல்லை என்பது இலைக்கலம். அதனை ஏந்த ஒரு கை வேண்டும். வனவிலங்கு திரியும் மலையில் வில்லைக் கீழே வைத்துச் செல்லுதல் வேட்டுவர்க்கு இயலாது. ஆகவே அம்புடன் வில்லை ஏந்த மற்றொரு கை வேண்டும். இரு கைகளும் இவ்வாறு நிறைந்தன.

எஞ்சியவை நீரும் பூவும். இவை இன்றியமையாதன என்பதைத் திண்ணனார் எங்ஙனம் அறிந்தார்? நாணன் சொல்லக் கேட்டறிந்தார். முன்னொரு நாள் நாகனாருடன் வேட்டைக்கு வந்தபோது, அந்தணர் ஒருவர் நீராட்டி, இலையும் பூவும் சூட்டி, உணவு ஊட்டியதைத் தான் கண்டதாக நாணன் கூறினான். அச்சொல் ஒன்றே நாயனார்க்கு ஆகமமாயிற்று. நீராட்டல், மலர் சூட்டல், ஊட்டல் என்னும் மூன்றும் அவர் மனத்திற் பதிந்தன. அவற்றுள் ஒன்றனையேனும் குறைக்க அவர் ஒருப்படவில்லை. கைகள் இரண்டும் நிறைந்தமையின், பொன்முகலி நீரை வாயில் முகந்துகொண்டார். மலரைத் தம் குஞ்சியில் துதைய வைத்துக்கொண்டார். திருமுன்பு சென்றபோது பழைய மலரை அகற்றல் வேண்டியதாயிற்று. கை ஒழிவில்லை, ஆகவே செருப்புற்ற திருவடியே அப்பணியைச் செய்தது.

அன்பர்களே, இதனை ஊன்றி நோக்குமின். செருப்பால் மாற்றியதும், வாய்நீரை உமிழ்ந்ததும், தலையிற் சூடிய மலரைச் சூட்டியதும் பெருங்குற்றங்களாகச் சிவகோசரியார்க்குத் தோன்றின. சரிதத்தைப் பயில்வார் பலர்க்கும், ‘அன்பு மிகுதியால் விதியை அறியாது செய்தார்’ என்னும் அளவிலேயே அமைதி பிறக்கின்றது. ஆனால் சேக்கிழார் அமைத்த முறையை நோக்கினால், இவற்றுள் ஒன்றேனும் அறியாமையான் வந்த தாறுமாறான செயலன்று. ஒருவரே, துணையின்றி, ஒரே நடையில், நான்கு பொருளையும் விடாது கொண்டு செல்ல முயன்றதன் விளைவே இவை. உடலின் உறுப்பெல்லாம் பூசைக்குப் பாத்திரமாயின. கை தட்டாயிற்று, வாய் குடமாயிற்று, தலை பூங்கூடையாயிற்று, கால் திருவலகாயிற்று. இறைவனுக்கு என்று கொண்ட பொருளில் ஒன்றையும் விட்டுச்செல்ல மனம் இசையாமையே இங்கு விதியாய் நின்றது.

‘அங்ஙனமாயின் வில்லை வைத்துவிட்டுக் கையாற் செய்திருக்கலாமே’ என்று வினவலாம். நல்ல வினா. இதற்கு விடையாகவே அப்பர் வில்லை முதலில் வைத்து, அதனைக் காவற்பொருளாகச் சிறப்பித்தார். திண்ணனார் கருத்தில் குடுமித்தேவர் தனியே காட்டில் இருப்பவர். கொடிய விலங்குகளால் அவர்க்கு இடர் நேரக்கூடும். ஆதலின் பகலில் வேட்டைத் தொழிலுக்குக் கருவியாயிருந்த வில், இரவெல்லாம் கண்துயிலாது பெருமானைக் காக்கும் கருவியாயிற்று. பூசையுறுப்புக்களை எண்ணினார் வில்லை விட்டனர். அன்பின் முழுமையை எண்ணினார் அதனை முதலில் வைத்தனர். பூசை முடிந்தபின்னும் ஒழியாத தொண்டு காவல் என்னும் தொண்டே. சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையிலே கண்ணப்பரைக் கலை நிறைந்தவராகப் போற்றுகின்றார். அவர் பயின்ற கலை விற்கலை ஒன்றே. சேக்கிழாரும் அவர் வில்பிடித்த விழாவை விரிவாகவே பாடினார். அக்கலையும் சிவத்தொண்டிற்கே ஆகியதனை இக்காவலிற் காண்கின்றோம்.

வில்லைப் பற்றிச் சேக்கிழார் காட்டும் இரண்டு இடங்கள் மிக நுட்பமானவை. முதலாவது, திண்ணனார் குடுமித்தேவரை முதன்முதற் கண்டு ஓடித் தழுவிய இடம். அங்கே கையிலிருந்த வில் விழுந்ததனை அவர் அறிந்திலர் என்று ஆசிரியர் கூறுகின்றார். வேடர்க்குக் கைவில் விழுவது உயிர்க்காவல் நீங்குவதே. தம்மைக் காக்கும் எண்ணம் அக்கணத்தே அற்றது. அதன்பின் அவர் எடுத்த வில் பெருமானைக் காக்கும் வில்.

இரண்டாவது, ஆறாம் நாள் நிகழ்ச்சி. வழக்கம்போல் சுமையோடு விரைந்து வந்த நாயனார், பெருமான் திருக்கண்ணிற் குருதி ஒழுகக் கண்டு மயங்கி வீழ்கின்றார். அவ்விடத்துச் சேக்கிழார், வாயின் நீர் சிந்தியதும், கையின் ஊனும் வில்லும் சிதறி வீழ்ந்ததும், குஞ்சியின் மலர் சோர்ந்ததும் ஆகிய இவற்றை ஒவ்வொன்றாக எடுத்தோதுகின்றார். முதல் நாள் எந்தெந்த உறுப்பில் எந்தெந்தப் பொருள் ஏற்றப்பட்டதோ, அந்தந்த உறுப்பினின்றே அவை ஆறாம் நாள் நீங்குகின்றன. இஃது எதிர்பாராது அமைந்ததன்று. ஐந்து நாள் ஒருவர் அரிதிற் சுமந்த சுமை முழுவதும் ஒருங்கே வீழ்ந்து, உறுப்பெல்லாம் வெறுமையாகிய நிலையிலேதான் கண்ணை அளிக்கும் செயல் நிகழ வேண்டும் என்பது புராணமுடையாரின் திருவுள்ளம்.

அதன்பின் நிகழ்ந்தவற்றையும் இம்முறையிலேயே காண்க. தீங்கு செய்தாரைத் தேட வில்லை எடுத்தார், ஒருவரையும் காணாராயினர். விற்கலை அங்கே பயன்படவில்லை. மலைவாழ்நர் அறிந்த பச்சிலைகளைத் தேடிக் கொணர்ந்து பிழிந்தார், குருதி நிற்கவில்லை. மருந்தறிவும் பயன்படவில்லை. தசையின் நோய்க்குத் தசையே மருந்து என்னும் பழமொழி அப்போது நினைவிற்கு வந்தது. ஐந்து நாளும் விலங்கின் ஊனைச் சுமந்தவர் அன்று தம் ஊனையே எடுத்தார். அதனை எங்கிருந்தும் சுமந்து வரவேண்டுவதில்லை, கலமும் வேண்டுவதில்லை. விலங்கின் உயிரைக் கவர்ந்த அம்பே தம் கண்ணை இடக்கும் கருவியாயிற்று. மற்றைக் கண்ணிலும் குருதி தோன்ற, இடம் தெரிதற்பொருட்டுத் திருவடியை ஊன்றினார். முதல் நாள் மலரை மாற்றிய அத்திருவடியே ஈண்டு அடையாளமாயிற்று. பெருமான் தடுத்தாட்கொண்டு, தம் வலப்பக்கத்தே நிலைபெற அருளினார்.

இனி இச்சரிதத்தாற் பெறப்படும் சித்தாந்தப் பயன் யாது? இருதிறத்தார் இதனைத் தத்தமக்கு ஏற்ப வளைப்பதுண்டு. ஊனை நிவேதித்தும் அருள்பெற்றார் ஒருவர் உளராகலின், ஆகம விதி வேண்டா என்பார் ஒரு திறத்தார். ஊன் என்றது ஆணவத்தை, வில் என்றது மனத்தை என்று உருவகமாகக் கொண்டு, வேடரது உண்மையான சுமையையே மறைத்து விடுவார் மற்றொரு திறத்தார். இரண்டும் சேக்கிழார் கருத்தல்ல.

முன்னவர்க்குக் கூறுவது: பெருமான் சிவகோசரியார் கனவில் தோன்றி, வேடரது வடிவும் அறிவும் செயலும் தம்பால் அன்பேயாய் விளங்குவதனை உணர்த்தினாரே அன்றி, ‘நீ உன் பூசையை விடுக’ என்று பணித்தாரல்லர், வேடர் செய்வதுபோற் செய்க என்றும் கூறினாரல்லர். அவ்வந்தணர் நாடோறும் இடத்தைத் தூய்மை செய்து ஆகம விதிப்படி அருச்சித்ததும் ஏற்கப்பட்டது. மேலும், திண்ணனார் அறிந்த நீர், மலர், உணவு என்னும் மூன்றும் அவர் பூசையைக் கண்டவன் வாயிலாகவே கிடைத்தன. ஆகம பூசை அங்கு நிகழ்ந்திராதேல், வேடர்பூசைக்கு முறையே கிடைத்திராது. 12-ஆம் நூற்றாண்டுச் சாத்திரமாகிய திருக்களிற்றுப்படியார், கண்ணப்பரது அன்பு அவரும் காளத்தியாரும் அன்றிப் பிறர் அளந்தறியத்தக்கதன்று என்னும் கருத்தை உணர்த்துகின்றது. பிறரால் அளக்கப்படாத ஒன்று பிறர்க்கு விதியாதல் எங்ஙனம்? அது வணங்கத்தக்கது, பின்பற்றிக் காட்டத்தக்கதன்று.

பின்னவர்க்குக் கூறுவது: ஊனை உருவகமாக்கினால், அப்பர் கூறிய பாரம் பாரமாகாது. சுமை இன்றேல் சுமந்தார் என்பதும் இல்லை. வெயிலிற் காட்டினின்று வியர்வையோடு சுமந்து வரப்பட்ட அவ்வூனே அன்பின் அளவுகோலாயிற்று. நம் ஆலயங்களிலே அறுபத்துமூவர் வரிசையிற் கண்ணப்பர் வேடராகவே நிற்கின்றார். இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரத்துத் திருக்கோயிலில் அடியார் வரலாறுகளைச் சிறு சிற்பங்களாகச் செதுக்கிய சிற்பிகளும் அவரை விலக்கினாரல்லர். வேட்டுவத் தன்மையை நீக்கி அவரைத் தூய்மைப்படுத்த முன்னோர் எவரும் கருதவில்லை. அடியார் திருவேடத்தை அரன் எனத் தொழுக என்பது சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரக் கொள்கை. அவ்வேடம் நீறும் கண்டியும் ஆகலாம். வில்லும் செருப்பும் ஆதலையும் இச்சரிதம் காட்டிற்று. இதனை உணர்ந்தார் மலைவாழ் மக்களையோ, உடல் வருந்திச் சுமந்து பிழைப்பாரையோ இழிவாக எண்ணார்.

இறுதியாக இலத்தூர்க்கு மீள்வாம். இரண்டாம் நாள் முதல் நாயனார் படைத்த ஊனமுதிலே தேனும் பிழிந்து கலக்கப்பட்டது. பன்றி, மான், மரை, கடமை என்று தாம் கொணர்ந்தவற்றைப் பெருமான்முன் எண்ணிச் சொல்லி, தேனும் உடன் கலந்தமையால் இது தித்திக்கும் என்று குழந்தையைப் போல அவர் விண்ணப்பித்ததனைப் பெரியபுராணத்திற் படித்து உருகாதார் இல்லை. ஊன் நமக்கு விலக்கு. தேனோ சிவாலயந்தோறும் திருமஞ்சனப் பொருளாக இன்றும் விளங்குவது. மதுநாதர் சந்நிதியில் ஒரு சிறு கலத்தில் தேன் ஏந்திச் செல்லும் அன்பர், தம் கை அதனைச் சுமக்கின்றது என்பதனையும், அதனை ஏந்திய கையும் அழைத்துவந்த காலும் அவன் பணிக்கே உரியன என்பதனையும் எண்ணுவாராயின், கண்ணப்பர் சரிதத்தைக் கற்ற பயனை ஓரளவேனும் பெற்றவராவர்.

கண்ணப்ப நாயனார் திருவடி வாழ்க.